புது டேப்லெட் திரையில் கோளாறா? நாள் தள்ளாமல் செய்ய வேண்டியவை

டேப்லெட் வாங்கிய மூன்றாம் நாள் ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தபடி படித்துக்கொண்டிருந்தேன். கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து. வலது கீழ் மூலைக்குக் கொஞ்சம் மேலே, ஊசி முனை அளவில் ஒரு பச்சைப் புள்ளி. தூசி என்று நினைத்துச் சட்டை நுனியால் துடைத்தேன். போகவில்லை. வாயால் ஆவி ஊதித் துடைத்தேன். அப்போதும் போகவில்லை. காலையில் வெள்ளைப் பின்னணியில் பார்த்தால் புள்ளியையே காணோம். சரி, நம் கண்தான் ஏமாற்றியிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அந்தச் 'சரி'க்கு ஏழு வாரம் அலைந்தேன். மறுபடி புள்ளி உறுத்தத் தொடங்கி, விற்றவருக்கு நான் எழுதியது 12ஆம் நாள். அவர்கள் திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடு 10 நாள். சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அங்கே முதல் தடவை, பில்லில் சீரியல் நம்பர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை, ஒரு புள்ளியெல்லாம் கணக்கில் வராது என்றார்கள். மூன்றாம் தடவைதான் வேலை நடந்தது. நான் செய்த தப்பு ஒவ்வொன்றையும் கீழே அந்தந்த இடத்தில் சொல்கிறேன். நீங்கள் அவற்றைத் தாண்டிப் போய்விடலாம்.

1. பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள்

கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. யாரையாவது போனைப் பிடிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் சாய்த்து வையுங்கள். பார்சல் ஒட்டு பிரியாமல் இருப்பது, பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர், டேப்லெட்டை வெளியே எடுப்பது, முதல் தடவை திரை எரிவது, நான்கு மூலையிலும் அடிபட்ட தடம் இல்லாதது என்று எல்லாம் வெட்டாமல் ஒரே வீடியோவில் வர வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் போதும்.

திரை உடைந்தோ கோடு விழுந்தோ வந்திருந்தால், 'நீங்கள்தான் கீழே போட்டீர்கள்' என்ற பேச்சுக்கு இதைத் தவிர வேறு பதில் உங்களிடம் இருக்காது. பெட்டி, உள்ளே இருந்த அட்டைத் தட்டு, பிளாஸ்டிக் உறை எதையும் கெடு முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். நான் அட்டைத் தட்டை மறுநாளே குப்பையில் போட்டேன். கெடுவுக்குள் கேட்டிருந்தாலும் 'முழுப் பெட்டி இல்லை' என்று ஒரு காரணம் சொல்லியிருப்பார்கள்.

2. அன்றைக்கே திரையைச் சோதியுங்கள்

இதற்கு அரைமணி நேரம் ஆகும். ஆப் நிறுவுவது, உறை மாட்டுவது, மேலே கண்ணாடி ஒட்டுவது எல்லாம் இதற்குப் பிறகு. கண்ணாடி ஒட்டியபின் தெரியும் தூசியும் குமிழியும் எது யாருடையது என்று உங்களுக்கே தெரியாது.

முதலில் செட்டிங்ஸில் சிலவற்றை நிறுத்த வேண்டும்: ஆட்டோ பிரைட்னஸ், ராத்திரியில் திரையை மஞ்சளாக்கும் வசதி, கண் பாதுகாப்பு முறை, சுற்றியுள்ள வெளிச்சத்துக்கேற்ப நிறத்தை மாற்றும் வசதி. ஐபேடில் இந்தக் கடைசி வசதிக்கு ட்ரூ டோன் என்று பெயர். இவை ஓடிக்கொண்டிருக்கும்போது திரை மஞ்சளடிக்கிறது என்று புகார் செய்தால் முதல் நிமிடத்திலேயே தோற்றுப்போவீர்கள். அப்புறம் மெல்லிய மைக்ரோஃபைபர் துணியால் திரையைத் துடைத்துவிட்டு, பிரைட்னஸை முழுதாக ஏற்றுங்கள்.

ஒரே நிறம் நிரப்பிய ஆறு படங்கள் வேண்டும்: கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், அடர் சாம்பல். டெட் பிக்சல் டெஸ்ட் என்று தேடினால் பிரவுசரிலேயே இந்த நிறங்களை முழுத்திரையில் காட்டும் தளங்கள் கிடைக்கும். அறையை இருட்டாக்குங்கள். பக்கத்தைப் படிப்பதுபோல் இடமிருந்து வலமாக, வரி வரியாகக் கண்ணை ஓட்டுங்கள். மொத்தமாக ஒரு பார்வை பார்த்தால் ஒன்றும் அகப்படாது.

ஆறு நிறம் எதற்கு என்று கேட்கலாம். திரை முழுவதும் பிக்சல் என்ற நுண்ணிய புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று துணைப் பிக்சல்கள் இருக்கின்றன. எல்லாம் எரிந்தால் வெள்ளை, எல்லாம் அணைந்தால் கறுப்பு. என் திரையில் ஒரு பச்சைத் துணைப் பிக்சல் அணையாமலே நின்றுவிட்டது. வெள்ளையில் எப்படியும் பச்சை எரிய வேண்டும், அதனால் அங்கே வித்தியாசம் தெரியவில்லை. கறுப்பில் மட்டும் காட்டிக்கொடுத்தது. இதற்கு நேர்மாறாக, பச்சை எரியாமலே போனால் பச்சைத் திரையில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும், வெள்ளையில் இளஞ்சிவப்பாகத் தெரியும். ஒரே நிறத்தில் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். நான் விழுந்த முதல் குழி அதுதான்.

அடர் சாம்பல் ஓஎல்இடி திரைக்கு, அதாவது ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் வகைக்கு, முக்கியம். கறுப்பில் ஓஎல்இடி பிக்சல்கள் முழுதாக அணைந்துவிடும், நிறம் சீராக இல்லாதது தெரியாது. பிரைட்னஸைக் குறைத்துச் சாம்பலைப் பாருங்கள். ஒரு பக்கம் பச்சையாகவும் இன்னொரு பக்கம் இளஞ்சிவப்பாகவும் சாய்வதும், செங்குத்தாகப் பட்டைகள் விழுவதும் அங்கேதான் தெரியும்.

அடுத்தது தொடுதிரை. ஏதாவது வரையும் ஆப்பைத் திறந்து, மூலையிலிருந்து மூலைக்கு மிக மெதுவாக விரலால் கோடு இழுங்கள். கோடு பாதியில் அறுந்தால் அந்த இடம் உணரவில்லை என்று பொருள். பேனாவும் வாங்கியிருந்தால் அதே கோட்டை ஸ்கேல் வைத்துப் போடுங்கள். ஆண்ட்ராய்டில் இன்னொரு வழி இருக்கிறது. செட்டிங்ஸில் டேப்லெட் பற்றிய பகுதிக்குப் போய் பில்ட் நம்பரை 7 தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் பாயிண்டர் லொகேஷனை இயக்கினால் விரல் போகும் தடமெல்லாம் திரையில் கோடாக விழும். யாரும் தொடாதபோதே கோடு விழுந்தால், அது பேய்த்தொடுகை.

இந்தச் சோதனையைச் சார்ஜர் இல்லாமல் ஒரு தடவை, சார்ஜர் செருகி ஒரு தடவை செய்யுங்கள். செருகினால் மட்டும் தொடுகை குதிக்கிறது என்றால் பெரும்பாலும் சார்ஜர்தான் காரணம், திரை இல்லை. பெட்டியில் வந்த சார்ஜரையோ நல்ல சார்ஜர் ஒன்றையோ மாற்றிப் பாருங்கள்.

3. கண்ணில் பட்டது எது என்று பிரித்துப் பாருங்கள்

புகாரில் நீங்கள் எழுதும் சொல்லை வைத்துத்தான் உங்களை எந்த வரிசையில் நிறுத்துவது என்று முடிவு செய்கிறார்கள். 'ஸ்கிரீன் சரியில்லை' என்று எழுதினால் ரீசெட் செய்து பார்க்கச் சொல்லி ஒரு வாரம் போய்விடும்.

முதல் கேள்வி, கோளாறு திரையிலா மென்பொருளிலா? கோளாறு தெரியும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை வேறொரு போனில் திறந்து பாருங்கள். அங்கேயும் அதே கோடோ கறையோ இருந்தால் மென்பொருள் அல்லது கிராஃபிக்ஸ் பக்கத்துக் கோளாறு. அங்கே படம் சுத்தமாக இருந்தால் குற்றவாளி திரைதான். எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு நிமிடத்து வேலை. இதை முதலிலேயே எனக்கு யாராவது சொல்லியிருந்தால் இரண்டு ரீசெட் மிச்சமாகியிருக்கும்.

புள்ளி என்றால் மூன்றில் ஒன்றாக இருக்கும். எப்போதும் ஒரு நிறத்தில் எரிவது ஸ்டக் பிக்சல். எப்போதும் கறுப்பாக இருப்பது டெட் பிக்சல். மூன்றாவது, கண்ணாடிக்கு அடியில் சிக்கிய தூசி. பிக்சலுக்குச் சதுரம் போல் நேரான ஓரம் இருக்கும், தூசிக்கு ஒழுங்கான வடிவம் இருக்காது. தலையை இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். கண்ணாடிக்கும் திரைக்கும் இடைவெளி உள்ள மாடல்களில், தூசியாக இருந்தால் பின்னாலிருக்கும் எழுத்தை ஒட்டி அது நகர்வதுபோல் தெரியும். பிக்சல் அசையாது.

ஓரத்தில் வெளிச்சம் கசிகிறது என்பது, பின்னால் விளக்கு எரியும் எல்சிடி திரைகளில் அதிகம் வரும் புகார். இதில் ஒரு குழப்பம் உண்டு. இருட்டில் கறுப்புப் படத்தைப் பார்க்கும்போது மூலையில் மங்கலாக ஒரு பளபளப்பு இருந்து, தலையைச் சாய்த்தால் அது இடம் மாறியோ குறைந்தோ போனால் அது எல்சிடியிலேயே ஐபிஎஸ் என்ற வகைத் திரைகளின் இயல்பு. மாற்றிக் கொடுத்தாலும் அடுத்ததிலும் அப்படித்தான் இருக்கும், அதற்காக அலையாதீர்கள். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் ஒரே இடத்தில் டார்ச் அடித்ததுபோல் நின்றால் அது கசிவு. அதற்குப் புகார் செய்யலாம்.

இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போகும் ஒரே கோடு, பேனல் எனப்படும் படம் காட்டும் பலகையின் கோளாறு அல்லது இணைப்புக் கோளாறு. இதில் வாதத்துக்கே இடமில்லை, மாற்றித்தான் தர வேண்டும். வெள்ளைத் திரையில் விரலால் அழுத்தியது போன்ற வெளிறிய வட்டம் தெரிந்தால் எச்சரிக்கையாக இருங்கள். தயாரிப்பிலும் அது வரும், பையில் நசுங்கினாலும் வரும். அதனால் முதல் நாளே சொன்னால்தான் செல்லும்.

4. சரிசெய்கிறேன் என்று இறங்காதீர்கள்

ஸ்டக் பிக்சலுக்கு, நிறங்களை வேகமாக மாற்றி மாற்றி மின்னச் செய்யும் ஆப்களும் வீடியோக்களும் இருக்கின்றன. சில நேரம் பலிக்கும். எனக்குப் பலிக்கவில்லை. செத்துப்போன பிக்சலுக்கு இதனால் பயனே இல்லை. ஓட்டிப் பார்ப்பதென்றால் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நினைவோடு ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். அந்த நேரம் திரையைக் குப்புறக் கவிழ்த்து வையுங்கள், மின்னும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டும்.

துணியைச் சுற்றிய பென்சிலால் அந்த இடத்தை அழுத்தச் சொல்லும் வைத்தியம் வேண்டவே வேண்டாம். ஒரு புள்ளி போய்ப் பத்துப் புள்ளி வரும். அழுத்தத் தடம் விழுந்துவிட்டால் அது 'வாடிக்கையாளர் செய்த சேதம்'. வாரண்டி அத்தோடு முடிந்தது. தெரிந்த கடையில் பிரித்துப் பார்க்கச் சொல்வதும் அதே கணக்குதான்.

5. சாட்சிக்குப் படம் எடுப்பது

ஒரு பிக்சலைப் படம் எடுப்பது லேசான காரியமில்லை. 11 அங்குலத்தில் 2560க்கு 1600 பிக்சல் உள்ள திரையில் ஒரு பிக்சலின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நான் முதலில் அனுப்பிய படத்தில் வெறும் கறுப்புதான் தெரிந்தது. 'எங்கே கோளாறு?' என்று திருப்பிக் கேட்டார்கள். நியாயம்தான்.

இப்படி எடுங்கள். தூரத்திலிருந்து முழு டேப்லெட்டும் தெரியும்படி ஒன்று. அதே நிலையில், கிழித்த சிறு காகிதத்தை அம்புபோல் புள்ளியின் பக்கத்தில் வைத்து நெருக்கமாக ஒன்று. போன் கேமராவில் திரையைத் தொட்டு ஃபோகஸ் செய்து, வெளிச்ச அளவைக் கீழே இறக்குங்கள். அப்புறம் நிறங்களை ஒவ்வொன்றாக மாற்றி ஒரு சிறு வீடியோ. அதிலேயே செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து சீரியல் நம்பரையும் காட்டிவிடுங்கள். அப்போதுதான் 'இது உங்கள் டேப்லெட்தானா' என்ற கேள்வி எழாது.

ஒளிக்கசிவைப் படம் எடுக்கும்போது வெளிச்ச அளவை இறக்காவிட்டால் நல்ல திரையும் எரிமலைபோல் தெரியும். இது அவர்களுக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியும் அளவே படத்திலும் இருக்கட்டும். இன்னொன்று, திரையைப் படமெடுக்கும்போது விழும் வளைந்த அலைக்கோடுகளும் வீடியோவில் ஓடும் கறுப்புப் பட்டைகளும் கேமராவும் திரையும் ஒத்துப்போகாததால் வருபவை, கோளாறு இல்லை. அவற்றைச் சுட்டிக்காட்டி உங்கள் வழக்கை நீங்களே பலவீனமாக்க வேண்டாம்.

6. உங்களுக்கு இரண்டு வாசல், இரண்டு கெடு

இது புரியாமல்தான் பெரும்பாலானோர் மாட்டிக்கொள்கிறார்கள். விற்றவரின் வாசல் வேறு, தயாரிப்பாளரின் வாசல் வேறு. விற்றவர் புது டேப்லெட் தருவார் அல்லது பணத்தைத் திருப்புவார், ஆனால் சில நாள்தான் திறந்திருப்பார். தயாரிப்பாளர் வழக்கமாக ஓராண்டு திறந்திருப்பார், ஆனால் பழுதுபார்த்துத்தான் தருவார். புதுப் பொருளில் கோளாறு வந்தால் உங்களுக்கு வேண்டியது முதல் வாசல். அது மூடுவதற்குள் போய் நில்லுங்கள்.

கெடுவை எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். ஆர்டர் செய்த நாளா, கைக்கு வந்த நாளா, பில் போட்ட நாளா? பில் தேதி நான்கு நாள் முந்தியதாக இருந்தால் அந்த நான்கு நாளும் உங்களுடையது இல்லை. 'திருப்பி எடுப்பது' என்றால் பணமா, மாற்றுப் பொருள் மட்டுமா என்பதையும் வாங்கிய பக்கத்திலேயே படித்து அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பக்கம் பிறகு மாறிவிடும்.

விற்பவரின் விதிக்கு மேலே சட்டமும் இருக்கிறது, இது நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கிய பொருளைக் கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம். பிரிட்டனில் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, கோளாறுள்ள பொருளை 30 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லிப் பணத்தைக் கேட்கலாம். சிங்கப்பூரில் 6 மாதத்துக்குள் வெளிப்படும் குறை, கொடுக்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று காட்டுவது விற்றவரின் பாடு. இந்தியாவில் இப்படிக் காரணமில்லாமல் திருப்பும் பொது உரிமை கிடையாது. ஆனால் 2020ஆம் ஆண்டின் இணைய வணிக விதிகள்படி, புகார் வந்த 48 மணி நேரத்தில் அது கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நீங்கள் இருக்கும் இடத்துச் சட்டத்தை ஒரு தடவை தேடிப் படித்துவிடுங்கள். கவுண்டரில் இருப்பவர் அதை உங்களுக்குச் சொல்லித்தர மாட்டார்.

7. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

பில்தான் தலையாயது. ஆர்டர் உறுதி செய்த மின்னஞ்சல் பில் ஆகாது. பில்லில் உங்கள் பெயர், தேதி, மாடல், சீரியல் நம்பர் நான்கும் இருக்கிறதா என்று வாங்கிய அன்றே பாருங்கள். சிம் போடும் டேப்லெட் என்றால், கருவிக்குக் கருவி மாறும் ஐஎம்இஐ என்ற அடையாள எண்ணும் இருக்க வேண்டும். இல்லையென்றால் சேர்த்துத் தரச் சொல்லி அன்றைக்கே எழுதுங்கள். என் பில்லில் சீரியல் நம்பர் விட்டுப்போனதைத் திருத்தி வாங்க 9 நாள் ஆனது, ஒரே ஒரு வரிக்கு.

பெட்டியில் இருக்கும் எண், செட்டிங்ஸில் இருக்கும் எண், பில்லில் இருக்கும் எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டால் வாரண்டி எப்போது தொடங்கியது என்று காட்டும். நீங்கள் வாங்கியதற்கு மாதக்கணக்கில் முந்திய தேதி இருந்தால், பில்லைக் காட்டித் தேதியைத் திருத்தச் சொல்லுங்கள். ஏற்கெனவே யாரோ இயக்கிய பொருளா என்று விற்றவரிடமும் கேளுங்கள்.

மற்றவை: கைக்கு வந்த நாளைக் காட்டும் குறுஞ்செய்தி, பெட்டி லேபிளின் படம், பெட்டி பிரித்த வீடியோ, கோளாறுப் படங்கள். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு உங்களுக்கே மின்னஞ்சலிலும் அனுப்பிக்கொள்ளுங்கள். அந்த டேப்லெட்டிலேயே வைக்காதீர்கள். அது அவர்கள் கைக்குப் போகும்போது உங்கள் சாட்சியும் கூடவே போய்விடும்.

8. விற்றவருக்கு எழுதுவது

போனில் பேசுங்கள், ஆனால் பேசி முடித்ததும் அதையே எழுதியும் அனுப்புங்கள். கெடு முடிவதற்குள் நீங்கள் சொன்னதற்கு எழுத்துதான் சாட்சி. நீளமாக எழுத வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"இந்த எண்ணுள்ள ஆர்டரில் வாங்கிய டேப்லெட் இந்தத் தேதியில் கிடைத்தது. அன்றே சோதித்ததில் திரையின் வலது கீழ்ப் பகுதியில் ஒரு ஸ்டக் பிக்சல் இருப்பது தெரிந்தது. கறுப்புப் பின்னணியில் பச்சைப் புள்ளியாகத் தெரிகிறது. ஸ்கிரீன்ஷாட்டில் வருவதில்லை. ரீசெட் செய்தும் மாறவில்லை. கீழே விழவில்லை, நனையவில்லை. படங்களும் பில்லும் இணைத்துள்ளேன். மாற்றுப் பொருள் வேண்டும். புகார் எண்ணை எழுத்தில் தெரிவிக்கவும்."

என்ன வேண்டும் என்பதை நீங்களே சொல்லிவிட வேண்டும், மாற்றா, பணமா என்று. சொல்லாவிட்டால் அவர்களுக்கு எது எளிதோ அது கிடைக்கும். அரட்டைப் பெட்டியில் பேசினால் சன்னலை மூடுமுன் முழு உரையாடலையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிலர் சர்வீஸ் சென்டரில் டிஓஏ சான்று வாங்கி வரச் சொல்வார்கள், அதாவது வந்தபோதே பழுதாக இருந்தது என்ற கடிதம். அதற்கும் தனியாக ஒரு கெடு இருக்கும், அதையும் அப்போதே கேளுங்கள். அதை வாங்கப் போகும் நாட்களில் விற்றவரின் கெடு ஓடிவிடாமல், புகாரை முதலில் பதிந்துவிட்டுப் போங்கள்.

9. சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது

போவதற்கு முந்தின நாள் பேக்கப் எடுத்துவிடுங்கள். பேனல் மாற்றினால் தகவல் அழியாது என்பார்கள். அழிந்தால் பொறுப்பில்லை என்றும் அதே தாளில் கையெழுத்து வாங்குவார்கள். சிம், மெமரி கார்டு, உறை, மேலே ஒட்டிய கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஆண்ட்ராய்ட் என்றால் கூகுள் கணக்கை செட்டிங்ஸில் நீக்கியபின் ரீசெட் செய்யுங்கள். நீக்காமல் பட்டன்களை அழுத்தி ரீசெட் செய்தால் டேப்லெட் பழைய கணக்கைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். ஐபேடில், தொலைந்தால் தேடித்தரும் ஃபைண்ட் மை வசதியை அணைத்திருக்க வேண்டும்.

ரீசெட் செய்த டேப்லெட்டில் உங்கள் சோதனைப் படங்கள் இருக்காது. கவுண்டரில் ட்யூப்லைட் வெளிச்சம் வேறு. நான் முதல் தடவை போனபோது புள்ளியைக் காட்ட முடியாமல், கையைக் குடைபோல் கவித்துக்கொண்டு அந்த ஊழியரைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். அவர் பார்த்துவிட்டு, "எங்க சார்?" என்றார். இரண்டாம் தடவை கறுப்புப் படத்தை மெமரி கார்டில் போட்டு, மேலே போர்த்த ஒரு கறுப்புத் துண்டும் கொண்டுபோனேன். அவர் சிரித்தார். ஆனால் புள்ளியைப் பார்த்தார்.

ஜாப் ஷீட்டை, அதாவது டேப்லெட்டை வாங்கிக்கொண்டு அவர்கள் தரும் வேலைத் தாளை, படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் மூன்று விஷயம் இருக்க வேண்டும். ஒன்று, கோளாறு இன்னதென்ற விவரம். 'டிஸ்ப்ளே இஷ்யூ' என்று இரண்டு சொல்லில் முடித்திருந்தால் திருத்தச் சொல்லுங்கள். இரண்டு, கொடுக்கும்போது உடலில் கீறல், நசுங்கல், உடைப்பு இல்லை என்ற குறிப்பு. இல்லாவிட்டால் திரும்பி வரும்போது இருக்கும் கீறல் உங்கள் தலையில் விழும். மூன்று, வாரண்டிக்குள் இலவசம் என்பதும் எப்போது கிடைக்கும் என்பதும். பேனல் கையிருப்பில் இருந்தால் ஓரிரு நாளில் முடியும் வேலை, இல்லையென்றால் வாரக்கணக்கில் இழுக்கும். அதனால் போவதற்கு முன் போன் செய்து பேனல் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால், வந்தபின் டேப்லெட்டைக் கொடுக்கலாமா என்று கேளுங்கள். புள்ளியோடாவது வீட்டில் பயன்படட்டும், அலமாரியில் கிடப்பானேன்?

10. செலவு எங்கே ஒளிந்திருக்கிறது

வாரண்டிக்குள் வரும் திரைக் கோளாறுக்குக் காசு கேட்கக் கூடாது. ஆனால் பல மாடல்களில் கண்ணாடி, தொடுதிரை, பேனல் மூன்றும் ஒன்றாக ஒட்டப்பட்டவை. மூலையில் மயிரிழை விரிசல் இருந்தாலும் மொத்தத்தையும் மாற்ற வேண்டும், வாரண்டியும் செல்லாது. அந்தத் தொகை டேப்லெட் விலையில் பெரும் பங்கு. அதனால் பிரிக்கும் முன் எழுத்தில் மதிப்பீடு தராமல் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கூரியரில் அனுப்புவதென்றால் போக, வர யார் செலவு என்று கேளுங்கள். உள்ளே லித்தியம் பேட்டரி இருப்பதைக் கூரியரில் சொல்ல வேண்டும், மறைத்தால் பார்சல் நடுவழியில் நிற்கும். பரிசோதனைக் கட்டணம் உண்டா, 'கோளாறு இல்லை' என்று முடிவு வந்தால் அதை வசூலிப்பார்களா, பணத்தைத் திருப்பும்போது பெட்டி பிரித்ததற்குக் கழிப்பார்களா என்பனவற்றையும் முன்பே கேளுங்கள். ரீஃபண்ட் அனுப்பிவிட்டோம் என்ற செய்திக்கும் பணம் கணக்கில் ஏறுவதற்கும் நடுவே சில வேலை நாட்கள் ஆகும். தவணையில் வாங்கியவர்கள் அதுவரை வரும் தவணையைக் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். அபராதம் உங்கள் பெயரில்தான் விழும்.

11. "இது வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று சொன்னால்

ஒற்றைப் பிக்சல் புகாருக்கு வரும் வழக்கமான பதில் இது. முழுப் பொய்யும் இல்லை. கணினித் திரைகளுக்கான ஐஎஸ்ஓ 9241-307 என்ற தரநிர்ணயம் 2008இல் வந்தது. அது குறைகளை வகுப்புகளாகப் பிரிக்கிறது. இரண்டாம் வகுப்பில், பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரிவது 2, எப்போதும் அணைந்திருப்பது 2 வரை பொறுத்துக்கொள்ளலாம். 2560க்கு 1600 என்றால் ஏறக்குறைய 41 லட்சம் பிக்சல். அந்தக் கணக்குப்படி 8 பளிச்சென்ற புள்ளிகள் இருந்தாலும் திரை 'நல்ல திரை'. கேட்கவே எரிச்சலாக இருக்கிறது, இல்லையா?

ஆனால் எந்த வகுப்பைக் கடைப்பிடிப்பது என்பது தயாரிப்பாளரின் முடிவு. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு கொள்கை வைத்திருக்கிறது. ஒரு எரியும் புள்ளி இருந்தாலே மாற்றுகிறவர்களும் உண்டு, மூன்று வேண்டும் என்பவர்களும் உண்டு. எனவே கவுண்டரில் வாதாடாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த மாடலுக்கு உங்கள் பிக்சல் கொள்கை என்ன? எத்தனை புள்ளிக்கு மாற்றுவீர்கள்? எழுதித் தாருங்கள்." நான் இதைத்தான் தலைமை வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சலில் கேட்டேன், ஜாப் ஷீட் எண்ணைப் போட்டு. ஆறு நாள் கழித்து, கொள்கை பற்றி ஒரு வரியும் இல்லாமல், 'சிறப்பு அனுமதியில் பேனல் மாற்றித் தரப்படும்' என்று பதில் வந்தது. எழுதித் தர அவர்களுக்குத் தயக்கம் இருந்ததோ, அல்லது கொள்கையே என் பக்கம் இருந்ததோ, எனக்குத் தெரிந்தவரை அது சிறப்பும் இல்லை, சலுகையும் இல்லை.

அதற்கும் அசையவில்லை என்றால் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள், அதன்பின் உங்கள் நாட்டு நுகர்வோர் அமைப்புக்கு. இந்தியாவில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கார்டில் வாங்கியிருந்தால் வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கோரும் வழியும் உண்டு. அதற்கும் கெடு உண்டு, விற்றவரிடம் முதலில் கேட்டதற்கான எழுத்தையும் கேட்பார்கள்.

கெடு தாண்டி, ஓரத்தில் ஒரே ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் இருக்கிறது என்றால், என் அபிப்பிராயம், விட்டுவிடுங்கள். தொழிற்சாலையில் ஒட்டிய பேனலைப் பிரித்து ஒட்டும்போது உள்ளே தூசி சேரவும் ஓரம் தூக்கிக்கொள்ளவும் வாய்ப்பு இருக்கிறது. எரியும் புள்ளி, கோடு, பேய்த்தொடுகை என்றால் விடாதீர்கள்.

12. திரும்பக் கைக்கு வரும்போது

கவுண்டரிலேயே நின்று 2ஆம் படியை மறுபடி செய்யுங்கள். கூடவே ஓரங்களில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், எங்காவது தூக்கியிருந்தால் தடுக்கும். முன்கேமரா, ஸ்பீக்கர், ஆட்டோ பிரைட்னஸ், கைரேகை எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். பேனலைக் கழற்றும்போது இவற்றின் இணைப்புகளும் கழற்றப்பட்டிருக்கும். எனக்குப் புள்ளி போயிருந்தது, ஆட்டோ பிரைட்னஸ் செத்திருந்தது. நல்லவேளை, வாசலைத் தாண்டவில்லை. உள்ளே எடுத்துப்போய் இருபது நிமிடத்தில் கொண்டுவந்து தந்தார்கள்.

முழு டேப்லெட்டையே மாற்றித் தந்தால் அது புதியதா, புதுப்பிக்கப்பட்டதா என்று கேளுங்கள். ஐபேடில் இதை நீங்களே பார்க்கலாம். மாடல் எண் எம் எழுத்தில் தொடங்கினால் சில்லறை விற்பனைக்கு வந்தது, எஃப் என்றால் புதுப்பித்தது, என் என்றால் மாற்றாகத் தந்தது. சீரியல் நம்பர் மாறியிருக்கும், எனவே பழைய பில்லோடு புதிய எண்ணை இணைக்கும் கடிதமோ முடிவு செய்த ஜாப் ஷீட்டோ வாங்காமல் வராதீர்கள். மாற்றிய பொருளுக்குப் பொதுவாகப் பழைய வாரண்டியில் மீதிதான் கிடைக்கும். மாற்றிய பாகத்துக்குத் தனியாக எத்தனை நாள் என்பதை அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள்.